வீட்டுத் தையலில் நேரம் மிச்சம் பிடிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் பொன்னம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைக்குச் சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் தையல் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் மிதி மெஷின், மீதிப் பேரிடம் மோட்டார் வைத்தது. எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற புகார் ஒன்றுதான்: "அக்கா, நீங்க ஒரு மணி நேரத்துல முடிக்கறதுக்கு எங்களுக்கு மட்டும் ஏன் அரை நாள் ஆகுது?"

ஒரு நாள் ஒரு பெண் சாதா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தபோது கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன். மெஷின் உண்மையில் ஓடியது அரை மணிக்கும் குறைவு. மற்ற நேரமெல்லாம் கத்தரிக்கோல் தேடியது, நூல் கோத்தது, தப்பாகத் தைத்ததைப் பிரித்தது. அதனால் வேகமாக மிதிக்கக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு, இந்த மற்ற நேரத்தைக் குறைக்கிற வழிகளைத்தான் இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

எதை முதலில் மாற்றினால் நேரம் குறையும்?

ஒரு துணியை முதலிலிருந்து கடைசிவரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடும் பழக்கத்தை. பள்ளிச் சீருடை தைக்கிற மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் வேலை பார்த்தவர்களைக் கவனித்தால் தெரியும், அவர்கள் அப்படித் தைக்கவே மாட்டார்கள். வெட்டுவது என்றால் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். தோள் மூட்டுவது என்றால் இருபது சட்டைக்கும் தோள்.

வீட்டில் இருபது சட்டை இல்லை. ஆனால் இரண்டு ஜாக்கெட் இருந்தால்கூட இது பலிக்கும். ஒரு துண்டைத் தைத்து முடித்ததும் நூலை வெட்டாதீர்கள். நாலைந்து தையல் வெறுமனே ஓட்டிவிட்டு அடுத்த துண்டை அப்படியே, துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டுக்கு அடியில் தள்ளுங்கள். மெஷினுக்குப் பின்னால் துண்டுகள் மாவிலைத் தோரணம் மாதிரி வரிசையாகத் தொங்கும். எல்லாம் முடிந்த பிறகு ஒரே உட்காரலில் இடையிலுள்ள நூலை வெட்டிக்கொள்ளலாம். நூலும் மிச்சம், ஒவ்வொரு முறையும் நூல் முனையைப் பிடித்து இழுக்கிற வேலையும் மிச்சம். உடம்பு வளைவுக்காகத் துணியைக் கூம்பாகப் பிடித்துத் தைக்கிற டாட்டின் கூர்முனையை மட்டும் இப்படித் தைக்க வேண்டாம். அங்கே இரண்டு இன்ச் நூல் விட்டு வெட்டி, கையால் முடிச்சுப் போட்டால்தான் முனை பிரியாமலும் புடைக்காமலும் உட்காரும்.

அப்புறம் பாபின், அதாவது அடி நூல் சுற்றுகிற சின்ன உருளை. வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே மூன்று பாபின் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டின் கழுத்து பாதியில் இருக்கும்போது அடி நூல் தீர்ந்துபோவது போல எரிச்சலான விஷயம் வேறில்லை.

ஒவ்வொரு தடவையும் அளவெடுத்து வரைய வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற அளவு ஜாக்கெட்டிலிருந்து ஒரே ஒரு முறை பேப்பர் கட்டிங் எடுத்து வையுங்கள். அமெரிக்காவில் பட்டெரிக் என்ற தையல்காரர் அளவு வாரியாகக் காகித மாதிரிகளை 1863ஆம் ஆண்டிலேயே விற்க ஆரம்பித்துவிட்டார். நாம்தான் இன்னமும் ஒவ்வொரு துணியிலும் புதிதாகக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

செய்தித்தாளில் வெட்டாதீர்கள். வெள்ளைத் துணியில் அச்சு மை ஒட்டும், நான் பட்டிருக்கிறேன். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாள் போதும். பெரிய மாதக் காலண்டரின் பின்பக்கம் அதைவிட நல்லது, கெட்டியாக இருக்கும். தையலுக்கு விடுகிற துணியையும் சேர்த்தே வெட்டுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு விட்டீர்கள் என்பதையும், ஆளின் பெயரையும், தேதியையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். தேதி எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் நடுவில் உடம்பு சும்மா இருப்பதில்லை, அதற்குத்தான்.

முனையில் ஒரு ஓட்டை போட்டு ஆணியில் மாட்டிவிடுங்கள். மடித்து வைத்தால் மடிப்பிலேயே அளவு மாறும்.

லைனிங் துணியை நனைக்காமல் தைத்தால் ஒரு நாள் மிச்சம்தானே?

ஒரு நாள் மிச்சம். பிறகு மூன்று நாள் நஷ்டம். காட்டன் லைனிங் முதல் சலவையில் சுருங்கும், மேல்துணி அந்த அளவு சுருங்காது. உள்ளே லைனிங் இழுக்க, வெளியே பட்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதைச் சரிசெய்ய ஜாக்கெட் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

நான் செய்வது இது: லைனிங் வாங்கி வந்த அன்று ராத்திரியே வாளியில் தண்ணீர் ஊற்றி முக்கிவிடுவேன். காலையில் பிழியாமல் உதறிக் கொடியில் போட்டால், சேலத்து வெயிலுக்கு சமையல் முடிவதற்குள் காய்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் சொல்லவே வேண்டாம். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டால் வெட்டத் தயார். வெள்ளை, கறுப்பு, சந்தன நிறம் மூன்றிலும் இரண்டிரண்டு மீட்டர் நனைத்துக் காய வைத்து எப்போதும் அலமாரியில் வைத்திருக்கிறேன். திடீரென்று யாராவது ஜாக்கெட் கேட்டால் அதுதான் கைகொடுக்கும். சேலை ஃபால்ஸ், உள்பாவாடை நாடா, பைப்பிங்குக்குள் வைக்கிற கயிறு எல்லாவற்றையும் அதே வாளியில் போட்டுவிடுங்கள். சாயம் போகிற ஃபால்ஸை மட்டும் தனியாக.

சாக்பீஸ் கோடு அழிந்துபோகிறது. வேறு எதில் குறிக்கலாம்?

குளித்துத் தேய்ந்து தகடாகிப் போன சோப்புத் துண்டு. நன்றாகக் காய வைத்தால் முனை கூர்மையாக இருக்கும், கோடு மெல்லிசாக விழும், துவைத்தால் போய்விடும். அடர் நிறப் பருத்திக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கிரீம் கலந்த வழவழ சோப்பு மட்டும் கூடாது, எண்ணெய்க் கறை மாதிரி நிற்கும்.

பட்டில் சோப்பும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். அதிலும் நம் ஊர் வெண்பட்டு மாதிரி வெள்ளைப் பட்டு என்றால் எந்தக் குறியும் பயம்தான். மாற்று நிற நூலில் நீளமாக ஓட்டுத் தையல் போட்டுக் குறியுங்கள். குண்டூசியையும் தையலுக்கு வெளியே விடுகிற துணியில் மட்டும் குத்துங்கள். பட்டில் விழுந்த ஓட்டை மூடாது.

நேராகத் தைக்க வரவில்லை என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஊசியிலிருந்து வலப்பக்கம் அரை இன்ச் அளந்து, மெஷின் தட்டின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கோடு மாதிரி ஒட்டிவிடுங்கள். தைக்கும்போது ஊசியைப் பார்க்காமல், துணியின் ஓரம் டேப்பைத் தொட்டுக்கொண்டே போகிறதா என்று மட்டும் பாருங்கள். துணியில் கோடு போடுகிற வேலையில் பாதி போய்விடும்.

துணிக்கு அடியில் நூல் பந்து பந்தாகச் சிக்குகிறது. பாபின் கேஸை மாற்ற வேண்டுமா?

கடைக்குப் போவதற்கு முன்னால் மேல் நூலைப் பாருங்கள். அடியில் சிக்கினால் குற்றம் பெரும்பாலும் மேலேதான் இருக்கும். ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்தால், மேல் நூலைப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் இறுகி நின்று நூலை உள்ளே விடாது. பிடிமானம் இல்லாத நூல் கீழே போய்க் குவியும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாக விரலால் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையலை ஓட்டுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே பத்தில் எட்டுப் பேர் புகார் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். மெல்லிய பட்டுக்கு 11ஆம் எண், சாதாரண ஜாக்கெட், சட்டைத் துணிக்கு 14, பேன்ட் துணிக்கு 16. ஊசி மாட்டுகிற பக்கம் குழப்பினால் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும். நூல் கடைசியாக எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்கு வருகிறதோ அந்தப் பக்கம்தான் பள்ளம் இருக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் மெஷின் வாங்கிக்கொடுத்தபோது, எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அடுக்களையிலிருந்து நான்கு சொட்டு விட்டேன். ஒரு மார்கழி தாண்டியதும் மெஷின் பிசின் வைத்து ஒட்டியது போல நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எடுக்க மெக்கானிக்குக்கு ஒரு பகல் ஆனது. தையல் மெஷின் எண்ணெய் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

தைத்ததைச் சீக்கிரம் பிரிப்பது எப்படி?

ஒவ்வொரு தையலாக வெட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் மட்டும் நான்கைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு துணியைத் திருப்பி மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் முழு நீளமாக உருவிக்கொண்டு வரும். மிச்சத் துணுக்குகளை செல்லோ டேப்பை ஒட்டி எடுத்தால் சுத்தமாகிவிடும். பிளேடால் பிரிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நான் என் தங்கை மகளின் பட்டுப்பாவாடையை அப்படித்தான் கிழித்தேன்.

கழுத்து ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் (சாய்வாக வெட்டுகிற துணிப் பட்டை) வெட்டி வெட்டி இணைப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

துண்டு துண்டாக வெட்டினால் அப்படித்தான். ஒரே நீளமாக வெட்ட ஒரு வழி இருக்கிறது. முதல் தடவை மண்டை காயும், இரண்டாவது தடவை சிரிப்பு வரும்.

12 இன்ச் சதுரத் துணி எடுத்து மூலைக்கு மூலை வெட்டுங்கள். இரண்டு முக்கோணம் கிடைக்கும். முக்கோணத்தின் நேரான ஓரம் ஒன்றை, மற்றதன் நேரான ஓரத்தோடு சேர்த்துத் தைத்தால் சாய்ந்த நாற்கரமாக விரியும். மூலைக்கு மூலை வெட்டிய ஓரங்கள் இப்போது இரண்டு நீளப் பக்கங்களாக இருக்கும். அவற்றுக்கு இணையாக ஒன்றரை இன்ச் இடைவெளியில் கோடுகள் போடுங்கள். இனி மீதியுள்ள இரண்டு நேரான ஓரங்களையும் சேர்த்துக் குழாய் மாதிரி தைக்க வேண்டும். சேர்க்கும்போது முதல் கோட்டோடு முதல் கோடு வரக்கூடாது. ஒரு கோடு தள்ளி, ஓரம் முதல் கோட்டோடு, முதல் கோடு இரண்டாவதோடு என்று வர வேண்டும். இரகசியம் இவ்வளவுதான். தள்ளி நிற்கிற முனையிலிருந்து கத்தரியை விட்டுக் கோட்டின் மேலேயே வெட்டிக்கொண்டு போனால், ஆப்பிள் தோல் சீவுவது போல ஒரே பட்டையாகச் சுற்றிச் சுற்றி வரும்.

கணக்கு எளிது. 12ஐ 12ஆல் பெருக்கி ஒன்றரையால் வகுத்தால் 96 இன்ச் நீளம். இணைப்புக்குப் போகிறது போக, இரண்டு ஜாக்கெட் கழுத்துக்குத் தாராளமாக வரும்.

கை வைப்பதுதான் எனக்குத் தகராறு.

பக்கவாட்டை மூட்டிவிட்டுக் கையைக் குழாயாக வைத்துத் திணிக்காதீர்கள். தோளை மட்டும் மூட்டி, ஜாக்கெட் விரிந்து கிடக்கும்போதே கையைத் தைத்துவிடுங்கள். கையின் நடுவைத் தோள் தையலில் வைத்து, அங்கிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகத் தைத்தால் இழுபறி இருக்காது. பிறகு கை ஓரத்தில் ஆரம்பித்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே ஓட்டம். பக்கத்தில் ஒரு இன்ச்சாவது உள்ளே விட்டு வையுங்கள். பின்னால் பெரிதாக்க வேண்டி வந்தால் அந்த ஒரு தையலைப் பிரித்தால் போதும்.

நடு நடுவே இஸ்திரி போட எழுந்து போவது நேர விரயம் இல்லையா?

எழுந்து போனால் விரயம். மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் கம்பளி மடித்துப் போட்டு வைத்துக்கொண்டால் இல்லை. ஓரத்தை இஸ்திரியால் மடித்துவிட்டால் குண்டூசி குத்த வேண்டியதில்லை, ஓட்டுத் தையல் போட வேண்டியதில்லை, அது அப்படியே நிற்கும். ஜரிகை இருந்தால் மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளில் இஸ்திரி இருக்காது, அன்று ஹூக் வைக்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நூல் நிறம் சேர்வதே இல்லை.

கடைக்குத் துணியின் வெட்டுத் துண்டை எடுத்துப் போங்கள், மனதில் நிறத்தை எடுத்துப் போகாதீர்கள். நூல்கண்டிலிருந்து ஒரு இழையைப் பிரித்துத் துணிமேல் வைத்து, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு நிறத்துக்கு நடுவில் தடுமாறினால் கொஞ்சம் அடர்த்தியானதை எடுங்கள். தனி இழை, கண்டில் இருப்பதைவிட வெளிறித் தெரியும். உள் தையலுக்கெல்லாம் சாம்பல் நிற நூல் ஒன்று போதும். கடைவீதிக்கு ஒரு நடை மிச்சம்.

பெண் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை. கொசுவம் சமமாக வரவில்லை.

ஒரு இன்ச் அகலத்தில் கெட்டி அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை அளவாக இருக்கும். துணியை அட்டையின்மேல் மடித்து, அட்டையை உருவி, இஸ்திரி வைத்து அழுத்தி, அடுத்தது. அளக்கவே வேண்டாம். கொசுவம் ஒன்றையொன்று தொட்டு நெருக்கமாக வர வேண்டுமென்றால் இடுப்பளவைப் போல மூன்று மடங்கு துணி வேண்டும். இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை வளரும் என்று உள்ளே டக் (மடிப்பு) வைப்போம் இல்லையா, அதை மெஷினில் இருக்கிற மிகப் பெரிய தையலில் தையுங்கள். அடுத்த வருஷம் பிரிக்கிறவர் நீங்கள்தான்.

பழக்கத்துக்கு முதலில் எதைத் தைக்கலாம்?

தலையணை உறை. 17க்கு 27 இன்ச் தலையணைக்கு 18 இன்ச் அகலம், 62 இன்ச் நீளத்தில் ஒரே துண்டு. முன்னுக்கு 27, பின்னுக்கு 27, உள்ளே மடிகிற வாய்க்கு 6, இரண்டு ஓரம் மடிக்க 2. குறுகிய ஓரங்கள் இரண்டையும் மடித்துத் தைத்து, நல்ல பக்கம் உள்ளே வரும்படி மறுமுனையை முதலில் மடித்து, அதன்மேல் வாய் மடிந்து வரும்படி வைத்துப் பக்கங்களைத் தைத்துத் திருப்பினால் தீர்ந்தது. ஜிப் இல்லை, பட்டன் இல்லை, காஜா எடுக்கிற வேலை இல்லை. 36 இன்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் 1.6 மீட்டர் வாங்கினால் இரண்டு உறை.

ஏற்காட்டில் இருக்கிறேன். ஊசி எல்லாம் துருப்பிடிக்கிறது.

இதைக் கேட்டவர் என் நாத்தனார். கீழே சேலத்தில் நமக்குத் தெரியாத தொல்லை இது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் பனியும் ஈரமும் வேறு உலகம். மழை மாதங்களில் ஊசி மட்டுமா, மிதி மெஷினின் தோல் பெல்ட்டும் ஈரத்தில் தளர்ந்து வழுக்கும். அரை இன்ச் வெட்டிக் கம்பி மாட்டினால் சரியாகிவிடும்.

ஊசிகளை இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் தடவிய துணியில் குத்திச் சின்ன டப்பாவில் இறுக மூடி வையுங்கள். தைப்பதற்கு முன்பு கழிவுத் துணியில் நாலு தையல் ஓட்டினால் எண்ணெய் போய்விடும். காய வைத்த காப்பி சக்கையை அடைத்து ஊசிமெத்தை செய்தால் துரு பிடிக்காது என்று யாரோ சொல்ல, காப்பித் தோட்டத்து ஊர் ஆயிற்றே என்று நாத்தனாரும் செய்து பார்த்தார். மூன்றாவது மாதம் பூஞ்சை பூத்திருந்தது. மணம் மட்டும் நன்றாக இருந்ததாம்.

மோட்டார் வைத்தால் வேகம் கூடுமா?

திரைச்சீலை, போர்வை மாதிரி நீள ஓட்டத்துக்குக் கூடும். ஜாக்கெட்டில் கழுத்து வளைவு, டாட் என்று எல்லாமே சின்னச் சின்னத் தையல், அங்கே தப்பும் வேகமாக நடக்கும். ஒரு வருஷம் மிதித்துவிட்டு யோசியுங்கள்.

ஆடிப் பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. வீட்டில் ஐந்து ஜாக்கெட். முடியுமா?

சேலத்தில் ஆடியில் இந்தக் கேள்வி வராத வீடு எது? கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் டெய்லர் கடைகளில் "இனிமேல் துணி வாங்குவதில்லை" என்று சொல்லிவிடுவார்கள். முடியும், ஆனால் ஒன்றொன்றாகத் தைத்தால் முடியாது.

முதல் நாள் எல்லா லைனிங்கும் வாளிக்குள். நூல், ஹூக் வாங்குவதும் அன்றே. இரண்டாம் நாள் ஐந்தையும் வெட்டி, ஒவ்வொரு ஜாக்கெட்டின் துண்டுகளையும் தனித்தனியாகச் சுருட்டிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அம்மாவின் கை அக்காவின் ஜாக்கெட்டில் ஏறும். மூன்றாம் நாள் லைனிங் சேர்ப்பது, டாட், ஹூக் வைக்கிற பட்டி. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு வரிசையாக வைத்தால் நூல் மாற்றுவது குறையும். நான்காம் நாள் தோளும் கழுத்தும். ஐந்தாம் நாள் கையும் பக்கமும். ஆறாம் நாள் மெஷினை மூடிவிட்டு ஹூக் வைப்பது. இரட்டை நூலில், ஒரு ஹூக் முடிந்ததும் நூலை வெட்டாமல் பட்டியின் மடிப்புக்குள்ளேயே ஊசியை ஓட்டி அடுத்த ஹூக்குக்குப் போங்கள். நூலை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மட்டும் எடுங்கள். நீளமாக எடுத்தால் சிக்கும். மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

உங்களுடையதைக் கடைசியில் வைக்காதீர்கள். போன ஆடியில் எல்லோருடையதையும் முடித்துவிட்டு என்னுடையதற்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மேல் இரண்டு ஹூக் வைத்தேன், மீதி இடத்தில் ஊக்கைக் குத்திக்கொண்டுதான் குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வருகிற வண்டி வேடிக்கையைப் பார்க்கப் போனேன்.